அக்கம்பக்கம்

லேப்டாப்பின் மூலையில் இருக்கும் வைஃபை குறியைத் தொட்டால் பதினான்கு வீட்டுக்காரர்கள் வரிசையாக வருகிறார்கள். மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் நாய்க்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்பதுவரை எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் ஹாலில், நான் காசு கொடுத்து வாங்கிய டெஸ்க்டாப்.

தங்கைக்கு அம்மாவின் கல்யாண ஃபோட்டோ வேண்டுமாம். போன வருஷம் நான்தான் ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில், எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் போட்டேன். கட்டிலில் சாய்ந்தபடியே எடுத்து அனுப்பிவிடலாம் என்று லேப்டாப்பில் நெட்வொர்க்கைத் திறந்தால், டிஸ்கவரி அணைந்திருக்கிறது என்று மேலே ஒரு மஞ்சள் பட்டை. அதை முடுக்கினேன். பட்டியலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது நான்.

இதில் எனக்கு ஒரு மானப் பிரச்சினை உண்டு. 1997இல் கும்பகோணத்தில், ஒரு பாத்திரக்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான்தான் ‘நெட்வொர்க் சார்’.

ஆறு மெஷின். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கறுப்பு கோஆக்சியல் கேபிள், ஒவ்வொன்றின் முதுகிலும் டி வடிவத்தில் ஒரு கனெக்டர், கேபிளின் இரண்டு கோடியிலும் விரல்நுனி அளவுக்கு 50 ஓம் டெர்மினேட்டர். கோயில் திருவிழா சீரியல் பல்பு மாதிரிதான்: எங்கே கழன்றாலும் எல்லோருக்கும் இருட்டு. பி.காம். பையன்கள் காலை நீட்டித்தான் உட்காருவார்கள். அதனால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது மேஜைக்கு அடியில் முட்டி போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முள்ளை நடு ஊசியிலும் இன்னொன்றை வெளி வளையத்திலும் வைப்பேன். 25 ஓம் காட்டினால் இரண்டு கோடியும் சௌக்கியம். 50 காட்டினால் ஒரு பக்கம் போயிற்று. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்திலேயே ஸ்பேர் டெர்மினேட்டர் இருக்கும். சலவைக்காரர் ஒரு தடவை அதைச் சட்டையோடு கல்லில் அடித்துக் கொடுத்தார். அப்புறமும் 50 ஓம் பிசகவில்லை.

கேபிள் சரியாகிவிட்டால் விண்டோஸ் 95இன் ‘நெட்வொர்க் நெய்பர்ஹுட்’டில் ஆறு பேரும் வந்து நிற்பார்கள். பெயர் கேட்கும் பெட்டியில் ‘பாட்ஷா’ என்று அடித்து, பாஸ்வேர்டைக் காலியாக விட்டு எண்டர் தட்டினால், புது ஆளா, வாங்க என்று உள்ளே விட்டுவிடும். எல்லா மெஷினிலும் சி டிரைவையே முழுசாக ஷேர் செய்து வைத்திருந்தோம். அதைத் தாராள மனசு என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்தப் பட்டியலை யார் வைத்துக்கொள்வது என்று மெஷின்கள் தங்களுக்குள் தேர்தலும் நடத்தின. கதை விடவில்லை, அதற்குப் பெயரே எலெக்‌ஷன்தான். உசத்தியான ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ளது ஜெயிக்கும். அதிலே சமமென்றால் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருப்பது ஜெயிக்கும். (நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) கரண்ட் போய்ப் படுத்துவிட்ட மெஷினின் பெயர்கூட அரைமணிக்கு மேல் பட்டியலில் இருக்கும். 12 நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் கொடுக்க வேண்டும், மூன்று தடவை கேட்காவிட்டால்தான் பெயரை அடிப்பார்கள். பெரியப்பா போய்ப் பத்து வருஷம், வாக்காளர் பட்டியலில் இன்னும் இருக்கிறார். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

கதவைத் திறந்துபோட்டு வாழ்ந்த அந்தக் காலத்துக்கு 2017 மே மாதம் பால் ஊற்றியாயிற்று. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், ஃபைல் பகிர்வதற்கான பழைய எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாக ஊர் ஊராகப் புகுந்து, பிரிட்டனின் அரசு ஆஸ்பத்திரிகளைக்கூட ஆட்டிவைத்தது. அந்த அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பைப் புதிதாகப் போட்டால் எஸ்எம்பி 1 வராது. அதை நம்பியிருந்த பழைய பட்டியலும் கூடவே போயிற்று. விண்டோஸ் 7 கொண்டுவந்த ஹோம்குரூப்பை 2018இல் கழற்றிவிட்டார்கள்.

ஆகவே நவீன வைத்தியம். எங்கள் வீட்டு வைஃபையை லேப்டாப் ‘பப்ளிக்’ என்று குறித்து வைத்திருந்தது, ஏதோ பஸ் ஸ்டாண்டு மாதிரி. பிரைவேட் ஆக்கினேன். சர்வீசஸ் பட்டியலில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்று நீளப் பெயர்க்காரர் ஒருவர் உண்டு. நான் இங்கே இருக்கிறேன் என்று வெளியே சொல்பவர் அவர்தான். தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். டெஸ்க்டாப்பிலும் இதையெல்லாம் பார்க்க வேண்டுமே, ஹாலுக்கு நாலு நடை ஆயிற்று. எல்லாம் ஹாலுக்கு நடக்காமல் இருப்பதற்காக.

லேப்டாப் 192.168.1.12, டெஸ்க்டாப் 192.168.1.7. ஒரே தெரு, கிட்டக் கிட்ட கதவு நம்பர். பிங் அடித்தால் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’. எதிர் மெஷினின் ஃபயர்வால் தடுத்தால் ‘டைம் அவுட்’ என்று வரும். ஆள் உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்காத மாதிரி. இது வேறு. அப்படியொரு வீடே இந்தத் தெருவில் இல்லை என்கிறது.

மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, நீங்க கெஸ்ட்ல இருக்கீங்க.”

“யாரு கெஸ்ட்?”

“நீங்கதான். ரவுட்டர் மாத்தினப்போ உங்களுக்கு கெஸ்ட் பாஸ்வேர்டு கொடுத்தேன். வர்ற லிங்க்கையெல்லாம் தொடறீங்கல்ல, அதான்.”

வைஃபை பெயரின் வாலில் ஒரு ‘ஜி’ இருந்தது வாஸ்தவம். 5ஜி சமாசாரம் என்று நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தேன். கெஸ்டுக்கு இன்டர்நெட் மட்டும் உண்டு. வீட்டு மெஷின்கள் கண்ணில் படாது. திண்ணையிலேயே உட்காரவைத்து காபி கொடுத்து அனுப்புகிற ஏற்பாடு. ஒரு மாசமாக நான் திண்ணையில் இருந்திருக்கிறேன்.

அவளே வந்து, இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு, வீட்டுப் பாஸ்வேர்டை அடித்தாள். புது இணைப்பு என்பதால் லேப்டாப் மறுபடி பப்ளிக் என்றது, மறுபடி பிரைவேட் ஆக்கினேன். வந்தது டெஸ்க்டாப். தொட்டால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. தினமும் காலையில் அடிக்கும் நாலு இலக்க பின் இங்கே செல்லாது, நிஜ பாஸ்வேர்டுதான் வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ‘பாட்ஷா’ என்று அடித்து, பாஸ்வேர்டைக் காலியாக விட்டு எண்டர் தட்டினேன்.

“உங்க தங்கச்சிக்கு அப்பவே அனுப்பிட்டேன்” என்று ஹாலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. டெஸ்க்டாப்பில் ஃபோட்டோவைத் திறந்து, மானிட்டரையே ஃபோனால் ஒரு படம் பிடித்து வாட்ஸாப்பில் தள்ளியிருக்கிறாள். பதிலும் வந்துவிட்டது: அம்மா எவ்வளவு அழகு, ஆனால் அப்பா தலைக்கு மேலே அந்தக் காலத்திலேயே டியூப் லைட் எப்படி?