கழுதைக்கு அரசாணை உண்டு

கிரேக்கத்தின் சாண்டோரினியில் பெரிய உல்லாசக் கப்பல் கரை தொடாது. கடலிலேயே நிறுத்தி, சிறு படகில் இறக்குவார்கள். நடக்க முடியாமல் மின்ஸ்கூட்டரில் வரும் பெரியவரிடம் கேள்வி ஒன்றுதான்: "நாலு படி இறங்குவீர்களா, ஐயா?" இறங்க முடிந்தால் வண்டி எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்பதில்லை, நாகரிகமானவர்.

பேட்டரியைக் கழற்றி, இருக்கையைப் பிரித்து, அலையில் துள்ளும் படகுக்குள் வண்டியைத் தூக்கிப் போட்டாயிற்று என்றே வைப்போம். கரையில் ஃபிரா நகருக்கு 580-க்கும் மேற்பட்ட படிகள். கேபிள் கார் உண்டு. அதற்கு வரிசையும் உண்டு. மூன்றாவது வாகனம் கழுதை. 2018-இல் கிரேக்க அரசு அதற்கு 100 கிலோ என்று உச்சவரம்பு போட்டுவிட்டது. ஆளும் வண்டியும் சேர்ந்தால் கழுதை சட்டம் பேசும். பெரியவர் கையில் இருப்பது கப்பல் கம்பெனியின் விளம்பரப் புத்தகம். அதில் அந்தப் படிகள், மாலை வெயிலில், வெகு அழகு.