பாட்டு பாதி, பலகாரம் பாதி

ஒரு வீட்டின் முகப்பு ஊருக்குத் தெற்கே ஒரு சாலையிலும், அதன் பின்கட்டும் தோட்டமும் ஏரிக்கரையில் வேறோர் இடத்திலும், கூடமும் மாடிப்படியும் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் கலிபோர்னியாவிலும் இருக்குமானால், கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் அந்த வீட்டுக்காரர், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்களே என்று எழுந்து போவதற்குக்கூடப் பாஸ்போர்ட்டும் விஸாவும் வேண்டியிருக்கும். ஆஸ்திரியா தேசத்துச் சால்ஸ்பர்க் நகரத்தில் அப்படி ஒரு வீடு உண்டு. 1964-ஆம் வருஷம் அங்கே படமெடுக்கப்பட்டு, மறுவருஷம் வெளிவந்து, சிறந்த படத்துக்கானது உட்பட ஐந்து ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிச் சென்ற ‘தி ஸவுண்ட் ஆஃப் மியூஸிக்’ படத்தில், ஏழு குழந்தைகளோடும் ஓர் ஊதலோடும் வாழ்ந்த கேப்டன் வான் டிராப் அவர்களின் இல்லம் அது. முகப்புக்கு ஃப்ரோன்பர்க் மாளிகை, பின்புறத்துக்கு லியோபோல்ட்ஸ்க்ரோன் ஏரிக்கரை, உட்புறத்துக்கு ஹாலிவுட் ஸ்டூடியோ என்று மூன்று கூறாகக் கிடக்கும் இந்த வீட்டைப் பார்ப்பதற்காக உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் பணம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பல்லவியை ஊட்டியிலே எடுத்துச் சரணத்தைச் சுவிட்ஸர்லாந்திலே இறக்கி வைக்கும் கதாநாயகர்களைப் பார்த்துப் பழகிய தமிழனாகிய எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை. பணம் கட்ட வேண்டுமே என்பதில்தான் சிறிது சஞ்சலம் இருந்தது.

என் மனைவிக்கு அந்தச் சஞ்சலமும் இல்லை. பள்ளிப் பருவத்தில் மவுண்ட் ரோட்டுத் தியேட்டர் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தது முதல், ஜூலி ஆண்ட்ரூஸ் ஓடிய புல்வெளியில் தானும் ஒரு முறை நின்றுவிட வேண்டும் என்ற அபிலாஷை அவளுக்கு இருந்து வந்திருக்கிறது. நான் சம்மதித்ததற்குக் காரணம் வேறு. காலையில் படம் எடுத்த ஸ்தலங்கள், மத்தியானம் ஆப்பிள் ஸ்ட்ரூடல் என்னும் அவ்வூர்ப் பலகாரம் செய்யும் வகுப்பு என்று இரண்டையும் சேர்த்து ஒரே சீட்டாக விற்றார்கள். படத்தில் குழந்தைகளுக்கு இடி முழக்கத்தின்போது தைரியம் சொல்லுவதற்காகப் பாடும் பாட்டில், தனக்குப் பிடித்த வஸ்துக்களை வரிசையாக அடுக்கும் கதாநாயகி அந்தப் பலகாரத்தின் பெயரையும் சொல்லி வைத்திருக்கிறாள். வியாபாரம் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? “என்னங்க, பாதி நாள் எனக்கு, பாதி நாள் உங்களுக்கு” என்று அவள் நியாயம் பேசிய பிறகு மறுப்பது மனுஷ்யத்தன்மை ஆகாது.

பஸ்ஸில் அமெரிக்கர்கள், ஆஸ்திரேலியர்கள், பிலிப்பைன்ஸ் தேசத்தார் என்று பலரும் இருந்தார்கள். அந்த ஊர்க்காரர் என்று பார்த்தால் டிரைவர் ஒருவர்தாம், அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. இதை ஏதோ குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்திரியர்கள் பெரும்பாலோருடைய நிலைமை அதுதான். வான் டிராப் குடும்பத்தின் கதையை ஜெர்மன் பாஷையில் 1956-லேயே ஒரு படமாக எடுத்துப் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டவர்களுக்கு, அமெரிக்கர் வந்து அதே கதையை இங்கிலீஷில் பாடிக் காட்டியபோது ரஸிக்கவில்லை. ஆகவே உலகமெல்லாம் ஓடிய படம், அது நடந்ததாகச் சொல்லப்படும் ஊரில் மட்டும் ஓடவில்லை. படத்தில் வரும் ‘எடல்வைஸ்’ பாட்டை ஆஸ்திரியாவின் தேசிய கீதம் என்றெண்ணி எழுந்து நிற்க ஆயத்தமாகும் அந்நியர்கள் உண்டாம். அது நியூயார்க் நாடக மேடைக்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் சேர்ந்து செய்த பாட்டு, ஹாமர்ஸ்டைன் தமது ஆயுளில் கடைசியாக எழுதியதும் அதுதான் என்று வழிகாட்டி விளக்கினார். விளக்கிவிட்டு, எல்லோரும் அதைச் சேர்ந்து பாட வேண்டும் என்று ஒலிபெருக்கியை முடுக்கினார். பஸ் முழுவதும் பாடிற்று. டிரைவர் மாத்திரம், பல வருஷங்களாக அடைமழையில் நின்று பழகிய சிலையைப்போல் முகபாவம் மாறாமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் மிராபெல் பூங்கா. 1606-ல் உல்ஃப் டீட்ரிஷ் என்ற ஆர்ச்பிஷப் இங்குள்ள மாளிகையை எழுப்பினார். எதற்காக என்றால், ஸலோமே ஆல்ட் என்ற அம்மையாருக்காக. பிரம்மசரிய விரதம் பூண்ட அந்த மகானுக்கும் அம்மையாருக்கும் பதினைந்து குழந்தைகள் பிறந்ததாகச் சரித்திரம் சொல்லுகிறது. ஏழு குழந்தைகளை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம் எடுத்தவர்கள், அதே தோட்டத்தின் சொந்தக்காரரை ஏறெடுத்தும் பார்க்காமல் போனது, கலையுலகத்தில் நடக்கும் எத்தனையோ அநீதிகளுள் ஒன்று. இந்தப் பூங்காவின் படிக்கட்டில்தான் ஜூலி ஆண்ட்ரூஸும் குழந்தைகளும் ‘டோ ரே மி’ பாடிக்கொண்டே ஏறிக் குதிப்பார்கள். நாங்கள் போன சமயம், தலை முழுதும் நரைத்த பருத்த கனவான் ஒருவர், மனைவி கீழே நின்று படம் பிடிக்க, ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு ஸ்வரமாகப் பாடிக்கொண்டு ஏறினார். நடுவிலேயே மூச்சு நின்றுவிட, அங்கே நின்றபடி, தாம் பாடியது சரியா என்று கூட்டத்தைக் கேட்பவர்போல் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருக்குப் பின்னால் வரிசை காத்திருந்தது.

என் மனைவியின் முறை வந்தது. சிறு வயதில் நாலைந்து வருஷம் சங்கீதம் கற்றவள். அவர்கள் டோ ரே மி என்பது நம்முடைய சங்கராபரணத்தின் ஆரோகணமே அல்லாமல் வேறொன்றும் அன்று என்பது அவளுக்கு நன்றாய்த் தெரியும். இந்த விஷயத்தை இருநூறு வருஷங்களுக்கு முன்பே கண்டுகொண்டு, வெள்ளைக்காரர் பாண்டு மெட்டுக்களில் நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் செய்து வைத்த முத்துஸ்வாமி தீக்ஷிதரும் அவளுடைய பக்கம் இருந்தார். ஆகையினால் ஸரிகமபதநி என்று ஸ்பஷ்டமாகப் பாடிக்கொண்டு ஏறி, மேல் படியில் ஒரு கணம் ஷட்ஜத்தில் நின்று, அவரோகணமாகவே இறங்கி வந்துவிட்டாள். ஏறியவர்களெல்லாம் இறங்கும்போது வாய் பேசாமல் இறங்கியதைக் கண்டிருந்த கூட்டம், இறங்குவதற்கும் பாட்டு உண்டு என்பதைக் கேட்டுக் கை தட்டியது. பருத்த கனவான் அருகில் வந்து, இது எந்தப் படத்தில் வருகிறது என்று விசாரித்தார்.

ஹெல்புருன் மாளிகைத் தோட்டத்தில் கண்ணாடி மண்டபம் ஒன்று இருக்கிறது. படத்தில் மூத்த பெண் பதினாறு வயதின் உற்சாகத்தில் பெஞ்சுக்குப் பெஞ்சு தாவிப் பாடும் இடம். இப்போது கதவு பூட்டிக் கிடக்கிறது. பதினாறு வயதைப் பல தசாப்தங்களுக்கு முன்பே கடந்த ஒரு மூதாட்டி தாமும் அப்படியே தாவிப் பார்த்து விழுந்துவிட்டார் என்றும், அன்றைக்குப் போட்ட பூட்டு என்றும் வழிகாட்டி சொன்ன ஸ்தலபுராணத்தை எல்லோரும் பரிதாபத்தோடு கேட்டார்கள். கேட்டுவிட்டு, கதவை ஒரு தரம் இழுத்தும் பார்த்தார்கள். நடனத்தை எடுத்ததோ ஹாலிவுட்டில் கட்டிய வேறு பெரிய மண்டபத்தில். எனக்கு இந்தத் தோட்டத்தில் பிடித்தது மண்டபம் அன்று. மார்க்குஸ் ஸிட்டிகுஸ் என்ற மற்றோர் ஆர்ச்பிஷப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கல் மேஜை. விருந்தாளிகள் அமரும் கல்லாசனங்களின் நடுவிலிருந்து திடீரென்று தண்ணீர் பீச்சி அடிக்கும். எஜமானருடைய ஆசனத்தில் மாத்திரம் அந்தத் துவாரம் கிடையாது. விருந்தினர் உபசாரத்தில் இத்தனை தீர்க்காலோசனை காட்டியவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு மோண்ட்ஸே என்ற ஏரியூரில், கல்யாணக் காட்சி எடுத்த மஞ்சள் நிறத் தேவாலயத்துக்குப் போனோம். நிஜமான மரியாவுக்கும் கேப்டனுக்கும் 1927-ல் கல்யாணம் நடந்தது இங்கே அன்று. சால்ஸ்பர்க்கிலேயே உள்ள நோன்பெர்க் கன்னிமாடத்தில். இங்கிருந்து தொடங்கி வழிகாட்டி, காலை முழுவதும் தாம் கட்டியெழுப்பிய கோட்டையைத் தாமே ஒவ்வொரு கல்லாகப் பெயர்க்கலானார். மரியா ஏழு குழந்தைகளுக்கும் ஆசிரியையாக வரவில்லை. நோயுற்றுத் தேறிவந்த ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்ல வந்தவர். கேப்டன் ஊதல் ஊதி அதட்டிய கடுமூஞ்சியும் அல்லர். சாதுவான மனிதர், சங்கீதப் பிரியர், படத்தில் அவரைக் கடுமூஞ்சியாகக் காட்டியது அவருடைய பிள்ளைகளுக்கே ஒரு மனக்குறை. குடும்பம் 1938-ல் மலையேறித் தப்பவில்லை. ரயிலேறி இத்தாலிக்குப் போயிற்று. படத்தில் காட்டியபடி அந்த மலையைத் தாண்டியிருந்தால் இறங்கும் பக்கம் ஜெர்மனி. ஹிட்லருடைய மலை மாளிகை இருந்த பிரதேசத்தில் போய் நின்றிருப்பார்கள். தொடக்கத்தில் ஜூலி ஆண்ட்ரூஸ் கைகளை விரித்துச் சுழன்று வரும் அந்தப் புல்வெளியும் எல்லைக்கு அப்பால், ஜெர்மனியின் பவேரியாவிலே இருக்கிறது. இதைக் கேட்டபோது என் மனைவியின் முகம் வாடிற்று. அவள் வந்ததே அதற்காக அல்லவா?

ஆனால் ஒன்று மட்டும் நிஜம் என்று வழிகாட்டி ஆறுதல் சொன்னார். கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மர், அந்தப் படத்தைத் தமக்குப் பிடிக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொல்லி வந்தவர். பாடிய குரல்கூடப் பில் லீ என்ற பின்னணிப் பாடகருடையது. ஆனால் சால்ஸ்பர்க்கில் தங்கியிருந்த நாட்களில் அவ்வூர் ஆகாராதிகளையும் பானங்களையும் அவர் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டதில் உடம்பு பருத்து, உடுப்புகளைப் பிரித்துத் தைக்க வேண்டி வந்ததாம். அதுவரை கேப்டனிடம் எனக்கு எவ்வித ஈடுபாடும் இருந்ததில்லை. அந்த க்ஷணத்தில் உண்டாயிற்று.

மத்தியான வகுப்பு நடத்திய அம்மாள் உருவத்தில் குட்டை, குரலில் பட்டாளம். என் மனைவி ஏப்ரனைக் கட்டிக்கொள்ளுமுன், மாவில் முட்டை உண்டா என்று கேட்டாள், கிடையாது. திராட்சையில்? ரம் உண்டு. சிறிது நேர ஸம்பாஷணைக்குப் பிறகு அவளுக்கு ஆப்பிள் ரஸத்தில் ஊறிய திராட்சை என்றும், எனக்கு ஊர் வழக்கப்படி என்றும் ராஜியாயிற்று.

மாவு, வெதுவெதுப்பான தண்ணீர், எண்ணெய், உப்பு, சில துளி வினிகர்: இவ்வளவுதான். பிசைந்து, மேஜையில் ஓங்கி அறைந்து, எண்ணெய் தடவி, சூடான கிண்ணத்தைக் கவிழ்த்து அரைமணி நேரம் உறங்க விட வேண்டும். மாவு விழித்தெழுந்ததும் மேஜை மேல் ஒரு துணியை விரித்து, அதில் மாவைத் தூவி, கையின் பின்புறத்தால், மோதிரம் வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டே போக வேண்டும். அடியில் வைத்த செய்தித்தாளை மேலிருந்து வாசிக்க முடிகிற அளவுக்கு மெலிய வேண்டும். மதுரைக் கடைகளில் வீச்சுப் பரோட்டா மாஸ்டர் ஆகாயத்தில் வீசிச் சாதிப்பதை இந்த அம்மாள் நின்ற இடத்தில் நின்றபடி, விரல் முட்டிகளால் கெஞ்சிக் கெஞ்சிச் சாதித்தாள். துருக்கியர் 1529-லும் 1683-லும் வியன்னாவை முற்றுகையிட்டு உள்ளே புக முடியாமல் திரும்பினாலும், அவர்கள் நாட்டு மெல்லிய மாவுப் பலகாரம் ஹங்கேரி வழியாக வியன்னா மடைப்பள்ளிக்குள் புகுந்துவிட்டது என்கிறார்கள்; ஸ்ட்ரூடல் செய்முறை ஒன்றின் கையெழுத்துப் பிரதி, 1696-ஆம் வருஷத்தியது, வியன்னா நகர நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இங்கேதான் காலைக்கும் மத்தியானத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புலப்பட்டது. பஸ்ஸில் பார்த்ததில் எது எங்கே கிழிந்திருந்தாலும் வேறோர் ஊரிலிருந்து துண்டு கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டு தெரியவில்லை, தெரிந்தாலும் ஒருவரும் கோபிக்கவில்லை. மாவிலே அந்த வித்தை பலிக்கவில்லை. காலையில் படிக்கட்டில் நின்றுபோன கனவான் அவசரப்பட்டு இழுத்ததில் ஒரு ரூபாய் நாணயத்தளவு துவாரம் விழுந்தது. ஓரத்திலிருந்து கிள்ளி ஒட்டினார். அந்த ஒட்டு அடுப்பில் தடித்துக் கருகி, அவருடைய ஸ்ட்ரூடலுக்கு ஒரு மரு முளைத்தாற்போல் வெளியே வந்தது. அப்பளமும் சேவையும் செய்து பழகிய என் மனைவியின் மாவோ, மேஜையின் நாலு ஓரமும் தொங்க, கீழே விரித்த துணியின் நீலக்கோடுகள் ஒவ்வொன்றும் தெரிய விரிந்தது. பட்டாள அம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். “எங்கே கற்றாய்?” என்றாள். “ஆத்தூரில்” என்றாள் இவள். அந்த அம்மாள் அது எந்த மாகாணம் என்று கேட்கவில்லை. ஆஸ்திரியாவில்தான் எங்கோ என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளை முதலில் பரப்புகிறார்கள். புளிப்பு ஆப்பிள் விடும் நீரை அது குடித்துக்கொள்ளுமாம், இல்லாவிட்டால் அடி நைந்துபோகும். பிறகு ஆப்பிள் சீவல், சர்க்கரை, பட்டைத்தூள், திராட்சை. சுருட்டுவது கையினால் அன்று. துணியை ஒரு பக்கம் தூக்கத் தூக்கத் தானே உருண்டு சுருண்டுகொள்ளுகிறது. அடுப்பில் அது பொன்னிறமாகிக்கொண்டிருந்த நேரத்தில், படத்தைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி அந்த அம்மாளைக் கேட்டாள். “பாதி பார்த்தேன், அடுப்பில் ஏதோ இருந்தது, எழுந்து போய்விட்டேன்” என்று பதில் வந்தது.

சுடச்சுட, மேலே சர்க்கரைப் பொடி தூவிச் சாப்பிட்டோம். பவேரியாப் புல்வெளியை மறந்து என் மனைவி இரண்டாம் துண்டு கேட்டாள்; கனவான் தம்முடைய மருவை முதலிலேயே தின்று சாட்சியத்தை அழித்துவிட்டார்.

போக எண்ணும் அன்பர்களுக்குச் சில விஷயங்கள். சால்ஸ்பர்க்கில் கோடையிலும் மழை நூலிழையாக விடாமல் பெய்யும், குடை அவசியம். பாட வராதவர்கள் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உள்ள ஆசனத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்குத் துணை இருக்கும். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் தயவுசெய்து சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள்.