ரெண்டு தட்டு ராசா

ஏலே பேராண்டி, உன் கம்ப்யூட்டர் கடை பெஞ்சில உக்காந்து பாக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெறஞ்சு போகுதுலே. என்ன கை! டெஸ்க்டாப்புல கெடக்க ஃபோல்டருக்கும் டபுள் கிளிக், இணையத்துல இருக்க லிங்குக்கும் டபுள் கிளிக். ஒரு தட்டுல தெறக்கதுக்கும் ரெண்டு தட்டு குடுக்க நீ நல்ல தாராளக்காரன். விண்ணப்பத்துல 'சப்மிட்'டையும் ரெண்டு தட்டு தட்டிட்டு, ரெண்டு தடவ போயிட்டுதோன்னு தலயச் சொறியுத பாரு, அந்த அழகே அழகு.

அந்த வேகத்த விட்டுராத. விண்டோஸ்ல ரெண்டு தட்டுக்கும் நடுவுல அரை நொடிதான் தவணை. பிந்துனா வேற வெவகாரம். கோப்போட பேர மாத்துன்னு வந்து நிக்கும். உன் முழங்கை கீபோர்டுல பட்டு, எவனோட வருமானச் சான்றிதழோ 'ககககக'ன்னு பேரு வாங்கிக்கிடும்.

ஆனா மவுசுல வலப்பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கே, அத மட்டும் தொட்டுராத. தேஞ்சு போகும். கலிபோர்னியாவுல டக்ளஸ் எங்கெல்பார்ட்டோட ஆளுக 1964-ல மரக்கூட்டுல செஞ்ச மொத மவுசுக்கு ஒரே பொத்தான்தான். 1968-ல சான் பிரான்சிஸ்கோவுல கூட்டம் போட்டுக் காட்டும்போது மூணு ஆயிட்டு. ஆப்பிள்காரன் 1984-ல மெக்கிண்டாஷுக்கு ஒண்ணே போதும்னான், சனங்க கொழம்பிருமாம். உன்னப் பாக்காமலே உம்மேல எம்புட்டு நம்பிக்கை அவனுக்கு! கடைசியில அவனே 1997-ல, கன்ட்ரோல் சாவிய அமுக்கிக்கிட்டுத் தட்டுனா மெனு வாரமாதிரி வச்சான். விண்டோஸ் 95 அதுக்கு ரெண்டு வருசம் முன்னாலயே தொட்டதுக்கெல்லாம் ரைட் கிளிக்னு ஆக்கிருச்சு.

அந்த மெனு, மாட்டுச்சந்தையில துண்டுக்குள்ள வெரலப் புடிக்க தரகன் மாதிரிலே. எந்த மாடோ அந்த மாட்டுக்குள்ள பேச்சத்தான் பேசும். செலக்ட் பண்ணுன எழுத்து மேல தட்டுனா காப்பிங்கும். இணையத்துப் படத்து மேல தட்டுனா சேத்து வைக்கவாங்கும். வெறும் எடத்துல தட்டுனா புது ஃபோல்டர் வேணுமாங்கும். அதுவும் அம்புக்குறி நிக்க எடத்துலயே வந்து நிக்கும். கிட்ட இருக்கதத் தொட நேரம் கொறச்சல், தூரத்துக்குக் கூடன்னு பால் ஃபிட்ஸ்ங்கவரு 1954-லயே கணக்குப் போட்டு எழுதிவச்சாரு. இதுக்கு ஒரு கணக்கான்னு சிரிக்காத. மேல மூலையில இருக்க மெனுவத் தேடி நீ மவுச இழுத்துக்கிட்டு அலையுதியே, அந்த நேரத்த அவரு கணக்குல போட்டுப் பாரு.

பென் டிரைவுல இருந்து கோப்ப இழுத்துப் போட்டா காப்பி ஆகும். ஒரே டிரைவுக்குள்ள இழுத்தா கோப்பே எடம் மாறிரும். எது ஆச்சுன்னு தெரியாம, வந்தவுக முன்னால முழிக்கதும் ஒரு தொழில்தான். வலப் பொத்தான அமுக்கிக்கிட்டு இழுத்தா, விடும்போது 'காப்பி பண்ணவா, எடம் மாத்தவா, வேண்டாமா'ன்னு மரியாதையாக் கேக்கும். உனக்கு எதுக்குலே மரியாதை?

திரையில இருக்க 'டெலிட்' பொத்தான மவுசால அமுக்கிட்டுப் பதறுதியே, அதுக்கும் ஒண்ணு சொல்லுதேன். அமுக்குனதுல ஒண்ணும் ஆகாது, பெரும்பாலும் வெரல எடுக்கும்போதுதான் வேல நடக்கும். எடுக்காமலே அம்ப நகட்டிட்டுப் போயி வெறும் எடத்துல விட்டுரு. கேட்டா எதையும் தொடலன்னு சொல்லு.

2021-ல விண்டோஸ் 11 வந்து ரைட் கிளிக் மெனுவச் சுருக்கி, பாதிய 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்'க்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கு. அதுக்கும் உன்னமாதிரி ஒருத்தன்தான் யோசன சொல்லியிருக்கணும்.

என்ன முழிக்க? கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னா? நேத்து நீ டீக்கடையில நாட்டு நடப்பு பேசிக்கிட்டு இருக்கும்போது வாத்தியாரு வந்தாரு. வந்தவரு ஏம்முகத்தப் பாத்தாரு. நீ அழிச்சிட்ட அவரு கோப்பு ரீசைக்கிள் பின்னுல கெடந்துச்சு. அது மேல ரைட் கிளிக் பண்ணுனேன். அங்க 'ரீஸ்டோர்'னு ஒண்ணு வருதுலே! இருவது ரூவா குடுத்துட்டுப் போனாரு. அது என் மடியிலதான் இருக்கு, கேக்காத.