ஃபேன்காரர், நெற்றிக்காரர், நான்

செவ்வாயும் வியாழனும் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அப்பாவுக்கும் அந்த இரண்டு நாள்தான் ஆபீஸ். வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக 2005-ல் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளப் பட்டியலிலிருந்து மட்டும்தான். நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்ததும், கேமராவில் விழாத கோணம் பார்த்து ஈஸிசேரை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். பேப்பர் சும்மா ஒரு திரைச்சீலை.

என் சக ஊழியர்களின் பெயர் அவருக்குத் தெரியாது. திரையில் எது தெரிகிறதோ அதுவே பெயர். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் ஃபேன்காரர். அவர் முகத்தைவிட அவர் வீட்டு மின்விசிறிதான் எங்களுக்குப் பழக்கம். "போன வாரத்துக்கு இந்த வாரம் ஒட்டடை வளந்திருக்கு பாரு" என்பார் அப்பா. இன்னொருவர் நெற்றிக்காரர். புருவத்துக்குக் கீழே அவரை யாரும் பார்த்ததில்லை. மூன்றாமவர் சான்பிரான்சிஸ்கோ பாலத்தைப் பின்னணியாகப் போட்டுக்கொள்வார். தலையை ஆட்டும்போதெல்லாம் ஒரு காது பாலத்தில் கரைந்து, பின்னாலிருக்கும் ஊறுகாய் ஜாடி எட்டிப் பார்க்கும். ஒரு காது அமெரிக்காவில், மறு காது ஆதம்பாக்கத்தில்.

எல்லோரும் கூடியதும், "கேக்குதா? என் ஸ்கிரீன் தெரியுதா?" என்று ஒருவர் கேட்க, "கேக்குது, தெரியுது" என்று நாங்கள் கோரஸாகச் சொல்வோம். அப்பா இதைத்தான் எங்கள் கூட்டத்தின் கடவுள் வாழ்த்து என்று முதலில் நினைத்திருந்தார். பிறகு கேட்டார், "தலைமை யாரு? முன்னிலை யாரு? நன்றியுரைக்கு யாரைப் போட்டிருக்கீங்க?" அப்படி யாரையும் போடுவதில்லை, கடைசியில் 'பை' என்று கையாட்டிவிட்டுப் போய்விடுவோம் என்றேன். கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்காமல் எழுந்து போகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஆனால் ம்யூட்டை மட்டும் ஒரே நாளில் புரிந்துகொண்டார். அவருக்கு எல்லா நாகரிகத்துக்கும் அளவுகோல் ஜமாபந்திதான். வருஷத்துக்கு ஒரு முறை கிராமக் கணக்குகளையெல்லாம் மேலதிகாரி முன்னால் அடுக்கிவைத்துத் தணிக்கை நடக்கும். ஒரு ஜமாபந்தியில், கலெக்டர் அடங்கலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது கர்ணம் ஒருவருக்குத் தும்மல் வந்ததாம். மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்து, வாசலைத் தாண்டி, புளியமரத்தடிக்குப் போய்த் தும்மிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைச் சொன்னாராம். "அவருக்குப் புளியமரம், உனக்கு இந்தப் பட்டன்" என்றார் அப்பா. நிறுவனம் எங்களுக்கு அனுப்பிய பதினாறு பக்க நன்னடத்தைக் குறிப்பில் இவ்வளவு தெளிவு இல்லை.

பெரிய இடத்திலேயே இந்தப் புளியமரம் தட்டுப்படாமல் போயிருக்கிறது. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொலைபேசி வழியே வாதங்களைக் கேட்டபோது, வழக்கறிஞரின் பேச்சுக்கு நடுவே கழிப்பறையில் தண்ணீர் பாய்ச்சும் சத்தம் நேரடி ஒலிபரப்பில் எல்லோர் காதிலும் விழுந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்கு அன்று வந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல.

டெக்சாஸ் வழக்கு இதற்கும் மேல். 2021 பிப்ரவரியில் நீதிபதி ராய் ஃபெர்குசன் முன்னால் காணொலியில் தோன்றிய வழக்கறிஞர் ராட் பாண்டன், திரையில் வெள்ளைப் பூனைக்குட்டியாகத் தெரிந்தார். ஏதோ ஃபில்ட்டர் மாட்டிக்கொண்டு கழலவில்லை. தவித்துப்போய், நான் பூனை இல்லை என்று நீதிமன்றத்தில் வாக்குமூலமே கொடுத்தார். அப்பாவுக்கு இந்த வீடியோவைப் போட்டுக்காட்டினேன். பூனையை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. "மத்த ரெண்டு பேரையும் பாரு. ஒருத்தன் பல்லைக் காட்டலை. ஜட்ஜ் எவ்வளவு நிதானமா பேசறார்! இதுதான்டா ஆபீஸ்" என்றார்.

2017-ல் பி.பி.சி. நேரலையில் பேசிக்கொண்டிருந்த பூசான் பேராசிரியர் ராபர்ட் கெல்லியின் அறைக்குள், மகள் கையை வீசி நடந்துவந்து, பின்னாலேயே நடைவண்டியில் குழந்தையும் உருண்டுவந்து, மனைவி பாய்ந்து இருவரையும் இழுத்துக்கொண்டு போன காட்சியையும் காட்டினேன். அப்பாவின் தீர்ப்பு: "அந்தம்மாவுக்குத்தான் இன்க்ரிமென்ட் கொடுக்கணும்." அந்தப் பேராசிரியர் ஏன் நாற்காலியைவிட்டு எழவில்லை, இடுப்புக்குக் கீழே என்ன உடுத்தியிருந்தார் என்று உலகமே ஆராய்ந்தது. ஜீன்ஸ்தான் என்று பிறகு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே லுங்கி கட்டுகிற எனக்கு அந்தக் கேள்வி உலகத்துக்கு ஏன் எழுந்தது என்று நன்றாகவே புரிந்தது.

1964-ல், அப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம், நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியைக் காட்சிக்கு வைத்தது. 1970-ல் பிட்ஸ்பர்க்கில் கடைவிரித்தும் கொள்வாரில்லை. மாத வாடகை 160 டாலர் என்பது ஒரு காரணம். போன் மணி அடித்ததும் தலை வாரிக்கொள்ள வேண்டுமே என்பதும் காரணமாயிருக்கும் என்பது என் கட்சி. நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் இந்தக் கூட்டங்கள் அலுப்பூட்ட ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெயிலன்சன் 2021-ல் எழுதினார். உண்மைதான். அடுத்தவர் பேசும்போது நான் அக்கறையாகத் தலையாட்டுவதாக இருபது வருஷமாக நம்பியிருந்தேன். பார்த்தால், மாட்டுப்பொங்கலன்று குங்குமம் வைக்கப் போனால் மாடு ஆட்டுமே, அந்த ஆட்டு.

இனி அந்த வியாழக்கிழமை. என் மேலாளருக்கும் மேலாளர் பேசுகிறார். மொத்தம் 44 ஸ்லைடு, 31-ல் இருக்கிறார். ஆரம்பத்தில் "கேக்குது, தெரியுது" சொல்வதற்காக மைக்கைத் திறந்த நான் மூடவில்லை. ஃபேன்காரரின் ஃபேன்கூட நின்றுவிட்டது, அங்கே கரண்ட் போயிருக்க வேண்டும். அந்த நிசப்தத்தில் அப்பா பேப்பரை மடித்தார். முப்பத்தைந்து வருஷம் கோப்பில் குறிப்பெழுதிய ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "திஸ் இஸ் லாஸ்ட் வீக்ஸ் மேட்டர். நோ ப்ராக்ரஸ். ஃபைல் மே பி க்ளோஸ்ட்."

ஸ்லைடு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. டெக்சாஸ் நீதிமன்றம் தோற்றது என்று ஒரு நொடி பெருமைப்பட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், திறந்திருந்த நாலைந்து மைக்குகளும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன. நெற்றிக்காரரின் நெற்றி குலுங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் தொண்டையைக் கனைத்து, "குட் பாயின்ட்" என்று சொல்லி, மீதி 13 ஸ்லைடுகளை மெயிலில் அனுப்புவதாகக் கூட்டத்தை முடித்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "மினிட்ஸ்ல ஏறிடுச்சா?" என்றார்.

ஏறியிருந்தது. பேசுவதையெல்லாம் தானாகவே எழுதிக்கொள்ளும் மென்பொருள் ஒன்று எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும். நான் 'மைக்ரேஷன்' என்றால் 'மை கிராண்ட்சன்' என்று எழுதுகிற மென்பொருள், அப்பாவின் மூன்று வாக்கியத்தையும் புள்ளி பிசகாமல், என் பெயரில், 'முடிவுகள்' என்ற தலைப்பின்கீழ் ஏற்றி, எல்லோருக்கும் அனுப்பியிருந்தது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் வந்து படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பயம் தெளிந்து, "ட்ராஃப்டிங் சுத்தமா இருக்கு" என்றார். பிறகு அதன் கீழே பதினொரு பேர் வரிசையாகப் போட்டிருந்த மஞ்சள் கட்டைவிரல்களைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"எல்லாரும் படிச்சவங்கதானேடா? ஏன் கைநாட்டு வச்சிருக்காங்க?"