எடை போடும் மாமா

சுற்றுலா வேனில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடாத ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். மலை, அருவி, மேகம் எதுவும் அவரை அசைக்காது. நாலு கால் முளைத்த ஏதாவது ரோட்டோரம் தென்பட்டால் போதும், கண் முழித்து, "பதினெட்டுக் கிலோ" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். புதுசாக வந்த டிரைவர்கள் ஏதோ லக்கேஜைச் சொல்கிறார் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

மதுரைச் சீமையில் குடும்பத்துக்கு ஒரு மாமா இப்படி உண்டு. எங்கள் மாமா ஆட்டு வியாபாரி அல்ல. அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை விடியுமுன் திருமங்கலம் ஆட்டுச் சந்தையில் நிற்பார். வாங்குவது வருஷத்துக்கு ஒரு கிடா, குலசாமிக்கு. மற்ற வெள்ளிக்கிழமைகளெல்லாம் பயிற்சி. நடுமுதுகில் கை வைத்து ஓர் அழுத்து, வாயைப் பிளந்து பல்லில் ஒரு பார்வை, அடிவயிற்றில் கை கொடுத்து ஒரு தூக்கு. அப்புறம் அவர் சொல்கிற எண்ணில் அரைக் கிலோ கூடக் குறைய இருந்தால் தராசில்தான் கோளாறு என்று பொருள். தரகர்களே துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வதாக அவரே சொல்லியிருக்கிறார்.

வித்தை முற்றினால் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. வண்டலூரில் கடமானைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே முடித்துவிட்டார். நீர்யானைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, "தண்ணிக்குள்ள கிடந்தா கணக்கு வராது மாப்ள" என்று நகர்ந்தார். பெண் பார்க்கப் போன இடங்களிலும் இந்த வித்தையைக் காட்டியிருப்பதாக அத்தை சொல்வாள். அது வேறு கதை.

இப்படிப்பட்டவரை இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனது என் தப்புதான்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே குட்டி போடும் பருவம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள். அதனால் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, போடிமெட்டு ஏறி மூணாறு போனோம். அஞ்சாம் மைலில் டிக்கெட் வரிசை. அங்கிருந்து வனத்துறை பஸ்ஸில் ராஜமலை.

"ஆடு பார்க்கவா டிக்கெட்டு? சந்தையில சும்மாவே காட்டுவான்."

"சாதாரண ஆடு இல்ல மாமா. வரையாடு. உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு, அதுவும் மூவாயிரத்துக்குள்ள. அதுல பெரிய கூட்டம் இங்கதான். நம்ம தமிழ்நாட்டோட மாநில விலங்கே அதுதான்."

"அப்ப டிக்கெட்டை ஏன் கேரளாவுல எடுக்கணும்?"

இதற்குப் பதில் என்னிடம் இல்லை. 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் நாம் நடக்கக்கூடியது ஒரு சின்னத் தார் ரோடு மட்டும். கீழே வாரி விட்ட மாதிரி தேயிலை, மேலே புல், மடிப்புகளில் இருட்டாகச் சோலை. 2,695 மீட்டர் ஆனைமுடி எங்கோ பனிமூட்டத்துக்குள் இருப்பதாகப் பலகை சொன்னது. நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030தான் என்றேன். பூவை எடை போட்டு என்ன ஆகப்போகிறது என்பதுபோல் மாமா மஃப்ளரை இறுக்கிக்கொண்டார்.

பனி விலகியது. ரோட்டோரத் திட்டில் ஒரு பெட்டையும் இரண்டு குட்டிகளும் மேய்ந்துகொண்டிருந்தன, எங்களுக்குப் பத்தடி தூரத்தில். அபூர்வமான விலங்கு என்றால் பைனாகுலர், மூச்சடக்கம், மூன்று நாள் காத்திருப்பு என்றெல்லாம் ஒரு மரியாதை இருக்கிறதில்லையா? இது பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழத் தோலுக்கு நிற்கிற ஆடு மாதிரி நின்றது. எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. மாமாவுக்கு அந்தக் கவலையில்லை.

"ஐம்பது கிலோ. பால் கொடுக்குது, இளைச்சிருக்கு."

பக்கத்தில் நின்ற வனக் காவலர் திரும்பிப் பார்த்தார். முதுவான் குடியைச் சேர்ந்தவர், பேச்சில் தமிழ் வாடை.

"ஆளைக் கண்டு மிரளலையே தம்பி, எப்படி?"

"தோட்டத்துத் துரைமார் காலத்துல உப்பு வச்சுப் பழக்கினதுங்க."

"அதான பாத்தேன். நம்ம பக்கமும் உப்புக்கட்டி கட்டித் தொங்க விடுவாங்க. தம்பிக்கு எந்த ஊரு?"

"இங்கதான். ஆனா எங்க பெரியவங்க மதுரையிலேருந்து சாமியை முதுகுல சுமந்துக்கிட்டு வந்ததாச் சொல்லுவாங்க."

மாமா முகம் மலர்ந்துவிட்டது. மதுரைக்காரரிடம் மதுரை என்று சொன்னால் அடுத்த கேள்வி ஒன்றுதான்.

"மதுரையில எந்தப் பக்கம்?"

"கண்ணகி எரிச்ச பக்கம்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. மேலே பாறைமேல் ஒரு கிடா வந்து நின்றது. உடம்பெல்லாம் கருத்து, முதுகில் மட்டும் வெள்ளிச் சேணம் போட்ட மாதிரி. பின்னால் வளைந்த தடித்த கொம்பு. அதற்குக் கீழே சுவர் மாதிரி செங்குத்துப் பாறை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடிப்படி இறங்குகிற மாதிரி நாலெட்டில் இறங்கி, பாதியில் நின்று புல்லைக் கடித்தது. மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சந்தையில் முதல்தரமான உருப்படி வந்தால்தான் அப்படிக் கட்டுவார்.

"நூறு கிலோ" என்றார், குரலைத் தாழ்த்தி. "பாதிக்குப் பாதி கறி. வெள்ளாட்டுக் கிடா இந்த உசரத்துக்கு நான் பாத்ததில்ல."

"வெள்ளாடு இல்லைங்க" என்றார் காவலர். "செம்மறிக்குத்தான் சொந்தம்னு சொல்றாங்க."

அது உண்மைதான். இமயமலைத் தார் ஆட்டோடு சேர்த்து ஒரே பேரினமாகத்தான் இதை ரொம்ப காலம் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்தவர்கள் இது செம்மறிக்கே நெருக்கம் என்று கண்டு தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். இதை நான் விளக்கியபோது மாமா என்னவோ நானே ஆளை ஏமாற்றிவிட்ட மாதிரி பார்த்தார்.

"செம்மறின்னா வெலை கொறையுமேப்பா." பிறகு காவலரிடம், "சும்மா ஒரு பேச்சுக்குத்தான் தம்பி. இந்தக் கிடா என்ன போகும்?"

"ஏழு வருசம்."

"வயசு இல்ல, வெலை."

"வெலைதாங்க சொல்றேன். தொட்டா மூணு வருசத்துக்குக் கொறையாம உள்ள போகணும். ஏழு வரைக்கும் போடுவாங்க."

மாமா கட்டிய கையை அவிழ்க்கவில்லை. கிடா பாறையைச் சுற்றிக்கொண்டு மறைந்தது, அந்தப் பக்கத்துப் பனியும் கூடவே போனது. பெட்டையும் குட்டிகளும் ரோட்டைக் கடக்க, ஐம்பது பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வழி விட்டார்கள்.

திரும்பும் வழியில் அவர் தூங்கவில்லை. பூப்பாறை தாண்டி, போடிமெட்டு வளைவுகளில் எல்லாரும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தபோது, அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு துண்டுக்கடியில் விரல் மடக்கிக்கொண்டிருந்தார். மனசு இளகிவிட்டது, சாமி ஏதோ கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போடிக்குள் வண்டி நுழையும்போது என் தோளைத் தட்டினார்.

"மாப்ள, கறி கிலோ அம்பத்தோரு நாள் விழுகுது. கட்டுபடியாகாது."