அப்கிரேடு அண்ணன்

செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் மின்சார ரயிலில் சனிக்கிழமை காலை அப்கிரேடு அண்ணனை அடையாளம் காண்பது சுலபம். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருப்பார். சென்னை பார்க் ஸ்டேஷனில் இறங்கி, கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடப்பார். வயது இருபதுக்கு மேலே, இருபத்தைந்துக்குள்ளே. வீடு திருக்கழுக்குன்றத்திலோ மாமல்லபுரத்திலோ. படிப்போ வேலையோ காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர் பக்கம். பையில் இருப்பது 'புராஜெக்டுக்கு வேணும்ப்பா' என்று சொல்லி முப்பதாயிரத்துக்குள் வாங்கிய மடிக்கணினி. அதில் ஜிடிஏ ஃபைவ் விளையாட்டு தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். இந்த ஆசைக்காக ஊரில் எல்லாரும் அவரை ஏமாளி என்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அவரிடம் ஆதாரம் இருக்கிறது. முதல் இரண்டு முறை போட்ட பணம் நிஜமாகவே பலித்துவிட்டது. அவருடைய கஷ்டகாலம் ஆரம்பித்தது அங்கேதான்.

முதல் செலவு எஸ்எஸ்டி. பழைய ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றி, நொடிக்கு ஏறக்குறைய நூறு மெகாபைட் படிக்கும். அதே இடத்தில் பொருத்தும் சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறுக்கு மேல் படிக்கும். முன்பு பொத்தானை அமுக்கிவிட்டுக் கடைக்குப் போய் டீ குடித்து வரலாம். இப்போது செருப்பை மாட்டுவதற்குள் திரை வந்துவிடுகிறது. வீட்டில் கணினியே தொடாத அம்மாகூட, "என்னடா, சீக்கிரம் வந்துட்டுது?" என்று கேட்டாயிற்று. இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? இரண்டாவது செலவு ராம். இதுவும் வீணில்லை. மலிவு மடிக்கணினியில் கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. ராமிலிருந்துதான் கடன் வாங்கும். டிடிஆர்4-2400 ராம் ஒற்றையாக இருந்தால் நொடிக்கு 19.2 ஜிகாபைட் கடத்தும். ஜோடியாகப் போட்டால் 38.4. திணறிக்கொண்டிருந்த படம் நடக்க ஆரம்பிக்கும். ஆக இரண்டு செலவு, இரண்டு பலன். மூன்றாவதும் பலிக்கும் என்று நினைத்தது மூடத்தனம் இல்லை, அனுபவப் பாடம். பாடம்தான் தப்பு. எஸ்எஸ்டி செய்தது சாமானை விரைவாகக் கொண்டுவந்து இறக்கும் வேலை. இறக்கிய சாமானை வைத்து நொடிக்கு முப்பது, அறுபது படம் வரைவது வேறொருத்தன் வேலை. அந்த வேறொருத்தன் பிராசஸருக்குள் குடியிருக்கிறான். பிராசஸரை போர்டோடு ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்.

இதை விளங்கிக்கொள்ள அண்ணன் ரிச்சி தெரு வரை போகவே வேண்டாம். மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள் நிற்கின்றன, ஏழாம் நூற்றாண்டுப் பாறைக் கோயில்கள். பாறையில் குடைந்து எடுத்தது எடுத்ததுதான். பிறகு ஒரு தளம் கூட்டலாம் என்றால் கல் எங்கிருந்து வரும்? கடற்கரைக் கோயில் பிந்தைய தலைமுறை வேலை; பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் கல்லை வெட்டி, அடுக்கிக் கட்டியது. மேசைக் கணினி அடுக்கிக் கட்டிய ஜாதி. மடிக்கணினி ரதம், செய்தவன் ராமுக்கும் டிஸ்க்குக்கும் மட்டும் இரண்டு மாடக்குழி விட்டிருக்கிறான், அண்ணன் இரண்டையும் நிரப்பியாயிற்று. இதற்கு மேல் கணக்கு ஈவிரக்கம் இல்லாதது. சாதாரண ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் அட்டையின் சொந்த நினைவகமே நொடிக்கு 128 ஜிகாபைட் கடத்தும்; அண்ணனின் ஜோடி ராம் 38.4-ஐ பிராசஸரோடும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த அட்டை மட்டும் 75 வாட் குடிக்கும். அண்ணனின் பிராசஸருக்கு விதித்ததே 15 வாட். பக்கத்துக் கல்பாக்கத்தில் 220 மெகாவாட்டில் இரண்டு அணு உலை கட்டியிருக்கிறார்கள், வாஸ்தவம்தான். சார்ஜர் வழியாக வருவது 65 வாட்.

எல்லை வந்ததை மடிக்கணினி சூட்டினால் சொல்கிறது. அண்ணன் அதை வேறு மாதிரி கேட்கிறார்: பேஸ்ட் காய்ந்துபோச்சு. பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் செருகி அடிமூடியைப் பெயர்த்து, ஸ்க்ரூக்களை தினத்தந்தியின் மேல் வரிசையாக அடுக்கி, பிராசஸரின் தலையில் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைத்து மூடுகிறார். ஒரு ஸ்க்ரூ மிஞ்சுகிறது. அது எதற்கு என்று கம்பெனிக்கே தெரியாது என்பது அவர் கருத்து. பின்பக்கம் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடியை முட்டுக்கொடுத்து, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் சூடு சில டிகிரி இறங்குகிறது. கடற்கரை ஊரில் அந்த ஃபேன் ஊதுவது உப்புக் காற்று. கடற்கரைக் கோயில் கல்லில் ஊறிய உப்பை இழுக்கத் தொல்லியல் துறை காகிதக்கூழ் அப்ப வேண்டியிருக்கிறது. தகடு தகடாய் இருக்கும் மடிக்கணினி விசிறிக்கு யார் அப்புவார்கள்? கடைசியில் செட்டிங்ஸில் கைவைக்கிறார். நிழலை நிறுத்தினார், புல்லை எடுத்தார், திரையை 800க்கு 600 ஆக்கினார். விளையாட்டின் லாஸ் சான்டோஸ் நகரத்தில் இப்போது மரம் கிடையாது, மனிதருக்கு மூக்கு கிடையாது. மூலையில் நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எஃப்பிஎஸ் எண் மட்டும் துல்லியம்: 31. அண்ணன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டி கடலில் விழுந்தது அவருக்குத் தெரியாது.

அண்ணன் தரப்பில் வாதங்கள் உண்டு. கனமானது பண வாதம். கேமிங் மடிக்கணினிக்கு மொத்தமாக எழுபதாயிரம் யார் கொடுப்பார்? மூவாயிரம், இரண்டாயிரம் என்றால் சம்பளத்திலிருந்து உருவலாம். இல்லாதவர்கள் எல்லாவற்றையும் தவணையில்தான் வாங்குகிறோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவணை கட்டினால் கடைசியில் சாமான் நம்முடையதாக வேண்டும். பழைய மடிக்கணினியின் ராம் புதுத் தலைமுறை மடிக்கணினியில் நுழையாது. கூடவே வருவது எஸ்எஸ்டி ஒன்றுதான். அதே ரிச்சி தெருவில் அலுவலகங்கள் கழித்துக்கட்டிய மேசைக் கணினி கிடைக்கிறது. தனி மின்கம்பி கேட்காத 75 வாட் அட்டை ஒன்றைச் செருகினால் தவணைக்கு அர்த்தம் இருக்கும். "வெளியிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டு மாட்டலாமே" என்பது அடுத்த வாதம். மாட்டலாம். வைஃபை அட்டையைப் பிடுங்கி அந்த ஸ்லாட்டில் ஒரு கேபிள், கேபிள் முனையில் மேசைக் கணினி அட்டை, அதற்கு மின்சாரம் தர ஒரு எஸ்எம்பிஎஸ், தனியாக ஒரு மானிட்டர், பிடுங்கிய வைஃபைக்குப் பதில் ஒரு டாங்கிள். மேசைக் கணினியில் பதினாறு லேனில் போகவேண்டிய தகவல் இங்கே ஒரே லேனில் ஊர்ந்து வரும். அடிமூடியையும் மூட முடியாது.

மூன்றாவது, படிப்பு வாதம்: இப்படிக் கழற்றி மாட்டித்தானே தொழில் பழகுகிறார்கள்? இதை நான் முழுசாக ஏற்கிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்கா வாங்கி, பரண்மேல் போட்டு வைத்திருந்ததை எஸ்எஸ்டி போட்டு எழுப்பி, தங்கச்சி ஆன்லைன் விண்ணப்பம் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்தது இந்த அண்ணன்தான். அந்தச் செலவைக் கல்விக் கட்டணம் என்று எழுதிக்கொள்ளட்டும், விளையாட்டுக் கணக்கில் எழுத வேண்டாம். விளையாட்டுதான் வேண்டுமென்றால் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது: மடிக்கணினியின் வயதைக் குறைப்பதைவிட விளையாட்டின் வயதைக் கூட்டுவது. கணினியில் ஜிடிஏ ஃபைவ் வந்தது 2015-இல். குறைந்தபட்சம் 4 ஜிபி ராமும் 1 ஜிபி கிராஃபிக்ஸும் கேட்டது. அதே வரிசையின் பழைய விளையாட்டு சான் ஆண்ட்ரியாஸ் கணினிக்கு வந்தது 2005-இல்; கேட்டது 256 எம்பி ராம், 64 எம்பி கிராஃபிக்ஸ். அண்ணனின் மடிக்கணினியில் அது பறக்கும், மரத்தோடும் மூக்கோடும். ஆனால் அது சித்தப்பா காலத்து கேமாம். கூட்டாளிகள் முன் சொல்லிக்கொள்ள முடியாதாம்.

போதாக்குறைக்கு 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகத்தில் உள்ள சில்லையெல்லாம் வாரிக்கொண்டன. அப்படிப்பட்ட கட்டடங்கள் நம் சிறுசேரியிலேயே எழும்புகின்றன. அண்ணனுக்கு இதில் கவலையில்லை. ராம் ஸ்லாட் நிரம்பிவிட்டது, இனி போர்டுதான். கடைக்காரர் அடிமூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, பொறுமையாகச் சொல்கிறார்: "போர்டு மாத்திடலாம் தம்பி. ஆனா அந்த போர்டு இந்த பாடிக்கு செட் ஆகாது, பாடியையும் மாத்தணும். அந்த பாடிக்கு வேற டிஸ்ப்ளே, வேற பேட்டரி. மத்தபடி உங்க எஸ்எஸ்டியே போதும்."

அண்ணன் கேட்பது ஒன்றே ஒன்று: "எத்தனை நாள்ல ரெடியாகும்ணே?"