பொட்டிக்குக் குளிரு, பேரனுக்கு வேர்வை

ஏங்கண்ணு, வண்டியிலயே குடித்தனம் பண்ணப் போறயாமா? சந்தோசம். ஊட்டு வாடகை மிச்சம். ஒறம்பரை வந்தா உக்காத்தி வெக்க எடமில்லைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா அந்த வண்டிக்கு எந்த பிரிட்ஜ் வாங்கறதுன்னு மூணு மாசமா ரோசனை பண்றயாமே? பொண்ணு பாக்கறதுக்கே அத்தனை நாளு ஆவாதேடா அப்புனு!

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்கறயா? நா திருச்செங்கோட்டுக்காரன். லாரியிலயே பாதி ஆயுசு ஓடிப் போச்சு. கல்கத்தாவுக்கும் கவுகாத்திக்கும் போயிட்டுத் திரும்பறதுக்குள்ள பொறந்த புள்ளை தவந்து வந்து மூஞ்சியப் பாத்து அழுவும். எங்க அடுப்படி எது தெரியுமா? பாடிக்கு அடியில தொங்கற மரப்பொட்டி. பம்ப் ஸ்டவ்வு ஒண்ணு, போசி ரெண்டு, கரண்டி ஒண்ணு, பருப்பு, புளி, மொளகாத்தூளு, கருவாடு. கதை முடிஞ்சுது.

பிரிட்ஜா? இருந்துச்சே! பம்பர்ல கட்டித் தொங்கவிட்ட கேன்வாஸ் தண்ணிப் பை. பை லேசாக் கசியும். கசியற தண்ணி காத்துல ஆவியாப் போகும். போறப்ப உள்ள இருக்கற சூட்டையும் ஒட்டுக்கா தூக்கிட்டுப் போகும். கரண்டு பில்லு எத்தனை? சைபர். என்னமோ பட்டிக்காட்டு வேலைன்னு சிரிக்காத. அமெரிக்காக்காரனும் அந்தக் காலத்துல பாலைவனத்தைத் தாண்டறப்ப கார் முன்னால இதே பையத்தான் கட்டிட்டுப் போயிருக்கான்.

இப்பவும் எங்கூரு போர்வெல் வண்டிக்காரங்களைப் பாரு. மாசக்கணக்குல வடக்க சுத்துவாங்க. வண்டிதான் ஊடு. கூடவே ஒரு சமையல்காரரு. அவுங்க யாரும் அடுப்படி அழகைப் போட்டோ புடிச்சுப் போட்டதை நா பாத்ததில்லை. சோத்துக்கு நேரமாச்சுன்னா வட்டலைத் தட்டுவாங்க, அவ்வளவுதான்.

சரி, சோலிக்கு வரேன். அமெரிக்காவுல அரிசோனாவுல எம்மவ ஊடு. அவ பையன், எம்பேரன், வாடகை ஊட்டைக் காலி பண்ணிப்போட்டு ஆர்.வி.னு ஒரு சக்கர ஊடு வாங்கிட்டான். "அப்பச்சி, நீங்களும் வாங்க, ஊரு சுத்தலாம்"ன்னான். ஸ்டியரிங்கைப் பாத்தா எனக்குக் கை அரிக்கும். ஏறிட்டேன்.

ஏறிப் பாத்தா அது அடுப்படியா, நகைக்கடையா? செவுத்துல காந்தம் வெச்சு ஒட்டுன மசாலா டப்பா இருவத்தினாலு. கண்ணாடி சாடி வரிசையா. ஒவ்வொண்ணுக்கும் பேரெழுதி ஒட்டிருக்கான். உப்புக்கு 'உப்பு'ன்னு எழுதி வெச்சிருக்கான் சாமி! நாக்கு எதுக்குக் குடுத்திருக்கு? பழம் அறுக்க ஒரு கத்தி, வெங்காயம் அறுக்க ஒரு மிசினு, முட்டையத் துண்டு போட ஒரு கம்பி. நாங்க இதையெல்லாம் ஒரே அருவாமணையில முடிச்சவங்க. சமயத்துல ஸ்பேனரும் ஒத்தாசைக்கு வரும்.

"இதெல்லாம் நிக்குமாடா கண்ணு?"ன்னேன். "எல்லாம் பிளான் பண்ணி அடுக்கிருக்கேன் அப்பச்சி"ன்னான். அப்புறம் நா வாயத் தொறக்கல. பெரியவங்க வாய மூடிக்கிட்டா ரோடே பேசிக்கும்.

பேசுச்சு. மொதல் வளைவுலயே பேசுச்சு. காந்தம் வலுவாத்தான் இருந்துச்சு. டப்பா செவுத்துல நிக்குது, மூடி மட்டும் கழண்டு மஞ்சத்தூளு நோம்பி கொண்டாடுது. அடுத்த வளைவுல பிரிட்ஜ் கதவு தொறந்துக்குச்சு. வண்டி பிரிட்ஜுக்குன்னு ஒரு கொக்கி உண்டு, ஓடறப்ப மாட்டி வெக்கோணும். தம்பி மறந்துட்டான். கதவு தொறக்க, உள்ள இருந்தது ஒண்ணொண்ணா வெளிய வருது. கடுகு சாஸ் மூணு பாட்டலு. மூணும் பாதி. தயிரு நாலு ருசியில. காஞ்ச கொத்தமல்லி. வாடுன எலுமிச்சம்பழம். தேதி முடிஞ்சு ரெண்டு மாசமான ஒரு சீஸு. ஒருத்தன் குடித்தனத்துக்கு இது. கண்ணாலத்துக்குப் பந்தி போடறவன்கூட இத்தனை வாங்க மாட்டான்.

லாரிக்காரன் சொல்றேன், எழுதி வெச்சுக்க. கனம் கீழ, பஞ்சு மேல. அரிசி, எண்ணெய், தண்ணி எல்லாம் தரையோட, சக்கரத்து அச்சுக்குப் பக்கமா. மேல் அட்டாலியில அப்பளமும் ரொட்டியும் போதும். வண்டி எத்தனை பாரம் தாங்கும்னு கதவோரம் ஒட்டிருப்பான், அதைப் படி. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோங்கறதை மறந்துட்டுத்தான் பாதிப்பேரு டயரை வெடிக்க விடறான். கண்ணாடி வேண்டாம். போசிக்குள்ள போசி எறங்கற மாதிரி அடுக்குப் பாத்திரம் வாங்கு. நடுவுல துணி சொருகு, கடகடன்னு சத்தம் வராது. தட்டுக்கு அடியில வழுக்காத ரப்பர் விரிப்பு. மசாலாவுக்கு அஞ்சறைப்பொட்டி. உங்கமுச்சி காலத்துலயே உள்மூடி, வெளிமூடின்னு ரெண்டு போட்டுத்தான் செஞ்சிருக்கான். கெளம்பறதுக்கு முன்னால ஒரு சுத்து சுத்திக் கொக்கியெல்லாம் தொட்டுப் பாரு. நாங்க தார்ப்பாய்க் கவுறை இழுத்துப் பாக்காம வண்டிய எடுத்ததே இல்லை.

இப்ப பிரிட்ஜுக்கு வரேன். சனவரி மாசம் குவார்ட்சைட்டுன்னு ஒரு பாலைவனத்து ஊருக்குக் கூட்டிட்டுப் போனான். குளிருகாலம் வந்தா ஆயிரக்கணக்குல சக்கர ஊடுங்க அங்க வந்து மொளைச்சிருது. மாட்டுச் சந்தை மாதிரி. அங்க சுத்திப் பாத்ததுல வண்டி பிரிட்ஜுல மூணு சாதி தெரிஞ்சுக்கிட்டேன். மூணும் மூணு மாப்ளைங்க. எந்த மாப்ளைக்குப் பொண்ணு குடுக்கறதுன்னு நீயே முடிவு பண்ணு.

மூத்த மாப்ள, காஸ் மாப்ள. தீ மூட்டிக் குளுரு உண்டாக்கறவரு. கூத்தைப் பாத்தயா? குழாய்க்குள்ள அம்மோனியா, தண்ணி, ஹைட்ரஜன். அடியில சூடு காட்டுனா அம்மோனியா பிரிஞ்சு மேல போயி, குளுந்து எறங்கி, பொட்டிக்குள்ள இருக்கற சூட்டை உறிஞ்சிக்கும். மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. 1922-ல சுவீடன்ல ரெண்டு படிக்கற பசங்க கண்டுபுடிச்சதாமா. ஐன்ஸ்டீனும் சிலார்டுங்கற கூட்டாளியும் சேந்து மோட்டார் இல்லாத பிரிட்ஜுக்கு மண்டைய ஒடைச்சுக்கிட்டு, 1930-ல அமெரிக்காவுல உரிமையும் வாங்கி வெச்சிருக்காங்க. பெரிய மனுசனுக்கும் சோறு கெடாம இருக்கோணுமில்ல?

ஆனா இந்த மாப்ளைக்கு ஒரு குணம். உக்கார்ற பலகை சமமா இருக்கோணும். வண்டியக் கொஞ்சம் சாய்வா நிறுத்திப்போட்டு மணிக்கணக்குல பிரிட்ஜை ஓட்டுனா உள்ள ஓட்டம் நின்னு, அடிக்குழாய் காஞ்சு, அடைச்சுக்கும். ஒருதரம் கெட்டா கெட்டதுதான். வண்டி ஓடறப்ப ஆட்டத்துல சரியாப் போகும், நின்னாத்தான் வெனை. எம்பேரனுக்கு வந்ததும் இந்த மாப்ளதான். வண்டி நின்ன எடத்துலயெல்லாம் ரசமட்டத்தைத் தூக்கிட்டு எறங்குவான். இந்த டயருக்கு ஒரு பலகை, அந்த டயருக்கு ரெண்டு பலகை. கோவில் கட்டற கொத்தனாருகூட இத்தனை மட்டம் பாக்க மாட்டான். பொட்டிக்குக் குளிரு, பேரனுக்கு வேர்வை. இன்னமும் இருக்குது. மொத நாளே பத்த வெச்சாத்தான் மறுநாள் காய் வெக்க முடியும். கடும் வெயில்ல மொனகுவாரு. பெட்ரோல் போடற எடத்துல தீய அணைக்கோணும். காஸு தீந்தா பேட்டரியிலயும் ஓடுவாருன்னு சில பொட்டியில சொல்லுவான். நம்பாத. பத்து ஆம்பியருக்கு மேல குடிப்பாரு. வெள்ளன எந்திரிச்சா பேட்டரி மல்லாந்து கெடக்கும்.

ரெண்டாவது மாப்ள, பண்ணையாரு. ஊட்டுல வெக்கற அதே பெரிய பிரிட்ஜ். வெலை மலிவு, வயிறு பெருசு. ஆனா அந்த ஊரு ஊட்டுக் கரண்டு, 120 வோல்ட், இல்லாம அய்யா அசைய மாட்டாரு. பேட்டரிக் கரண்டை மாத்திக் குடுக்க இன்வெர்ட்டர்னு ஒரு எடுபுடி வேணும். அந்த எடுபுடி சும்மா உக்காந்திருக்கறதுக்கே கூலி கேக்கும். தெனமும் கம்பத்துல ஒயரு சொருகற எடத்துலயே தங்கறவனுக்கு இது சரி. காட்டுல தங்கறேன்னு போறவனுக்குப் பண்ணையாரு எதுக்கு?

மூணாவது மாப்ள, பொழைக்கத் தெரிஞ்ச பையன். 12 வோல்ட்டு, உள்ள குட்டி கம்ப்ரசர். நேராப் பேட்டரியில ஓடுவான். வண்டி சாஞ்சாலும் மூஞ்சி சுளிக்க மாட்டான். போட்ட கொஞ்ச நேரத்துல குளுந்துக்குவான். சின்னப் பொட்டின்னா நாளைக்கு 30, 40 ஆம்பியர்-மணி திம்பான், வெயிலுக்குத் தக்கன எச்சாவும் ஆகும். இப்ப வெரலு உட்டு எண்ணு. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில பாதிக்கு மேல எடுக்கக் கூடாது. அப்ப அம்பதுதான் கணக்கு. நல்ல வெயில்ல 100 வாட் சோலார் பலகை ஒண்ணு சுமாரா 25, 30 குடுக்கும். அப்ப பலகை ரெண்டாவது வேணுமா, இல்லையா? மேகம் மூடுனா? இதைக் கணக்குப் போடாம பொட்டி கலரைப் பாத்து வாங்கறவனை என்னன்னு சொல்றது?

இதுலயும் மேல தொறக்கற பொட்டியா, முன்னால தொறக்கற பொட்டியான்னு கேப்ப. குளுந்த காத்து கனம்டா கண்ணு. கதவு முன்னால தொறந்தா காலுக்குக் கீழ ஓடிப் போயிரும். மேல தொறந்தா கெணத்துத் தண்ணி மாதிரி உள்ளயே நிக்கும். ஆனா அடியில வெச்ச தக்காளிய எடுக்க முழுப் பொட்டியையும் வெளிய கொட்டோணும். ஒண்ணு குடுத்துத்தான் ஒண்ணு வாங்கோணும். தெர்மாமீட்டரு ஒண்ணு உள்ள போட்டு வெய்யி. 4 டிகிரிக்கு மேல ஏறாமப் பாத்துக்க. மத்தபடி மூக்கு இருக்குது.

நானும் ஒரு தப்பு பண்ணேன், மறைக்க மாட்டேன். முட்டைய வாங்கியாந்து வெளிய கூடையிலயே வெச்சேன். "அப்பச்சி, உள்ள வெய்யிங்க"ன்னான். நாமக்கல் பக்கத்துக்காரன்கிட்ட முட்டை பாடமா? லாரி லாரியா வெயில்ல ஏத்திட்டுப் போனவன்டான்னு மீசைய முறுக்குனேன். அப்புறம்தான் சொல்றான். அந்த ஊருல முட்டையக் குளிப்பாட்டித்தான் கடைக்கு அனுப்புவாங்களாமா. குளிப்பாட்டறப்ப ஓட்டு மேல இயற்கையா இருக்கற மெல்லிசுப் பூச்சு போயிருது. அதனால கடை வரைக்கும் 7 டிகிரிக்கு எச்சாப் போகாம குளுருலயே கொண்டாரோணும்னு சட்டமே இருக்குதாமா. சட்டையக் கழட்டிப்போட்டுக் கம்பளி போத்தற கதை! ஆனா ஞாயம் ஞாயம்தானே? ஊருக்கு ஊரு முட்டைக்கும் பழக்கம் மாறுது. மீசைய எறக்கிட்டு முட்டையத் தூக்கி உள்ள வெச்சேன்.

எனக்குச் சிரிப்பு எதுக்கு வந்துச்சு தெரியுமா? அங்க வால்மார்ட்டுன்னு கடல் மாதிரி கடை. நெறைய ஊருல வண்டிக்காரங்க அந்தக் கடை வாசல்லயே ராத்திரி வண்டிய நிறுத்திப் படுத்துக்கறாங்க. எம்பேரனும் படுத்தான். படுத்துக்கிட்டு என்ன கேக்கறான்? "அப்பச்சி, இன்னும் பெரிய பிரிட்ஜா மாத்தலாமா?"

ஏண்டா, ஊரு பிரிட்ஜே உன்ற தலைமாட்டுல நிக்குது. காவலுக்கு ஆளு போட்டு, கரண்டு பில்லும் அவனே கட்டறான். எறங்கி நாலு தக்காளி வாங்கிட்டு வர்றதை விட்டுப்போட்டு, கடையவே பேத்து வண்டிக்குள்ள வெக்கப் பாக்கறயே! நாலு நாளைக்குக் கடையே இல்லாத காட்டுக்குள்ள போறவன் பெருசு வாங்கட்டும், ஞாயம். நீ போறதெல்லாம் கடை வாசலுக்குக் கடை வாசலு.

அதனால ஏங்கண்ணு, நீ மொதல்ல ஒரு வாரம், இருக்கற ஊட்டுலயே, தின்னதையும் தூக்கிக் கொட்டுனதையும் எழுது. ரெண்டாவது கணக்கு பெருசா இருந்தா, உனக்கு வேண்டியது பெரிய பிரிட்ஜ் இல்லை கண்ணு, சின்ன பிரிட்ஜ்.

இத்தனையும் பேசிப்போட்டு ஊருக்கு வந்தேன். பசிக்குதேன்னு எங்கூட்டு ரெண்டு கதவு பிரிட்ஜைத் தொறந்தேன். முந்தாநேத்துச் சாம்பாரு. பொங்கலுக்கு வந்த கரும்புல அரைச்சாணு. யாரு கண்ணாலத்துதோ ஒரு லட்டு. ரெண்டு ஊறுகா பாட்டலு, ரெண்டும் பாதி. கதவுல என்ற காலாவதியான கண்ணு மருந்து. மெதுவாச் சாத்திட்டு வந்து திண்ணையில உக்காந்துக்கிட்டேன். நல்லவேளை, எங்கூட்டுக்குச் சக்கரம் இல்லை. இருந்திருந்தா மொதல் வளைவுலயே என்ற மானமும் ரோட்டுல உருண்டிருக்கும்.

பேரன்கிட்ட மட்டும் சொல்லிப்போடாத, என்ன?